எல்.இ.டி-யா, ஹாலஜனா? இரவில் கண்ணைக் கூசவைப்பது பல்பு மட்டும் இல்லை!

இரவு 8 மணிக்கு மேல் திருச்சியிலிருந்து கரூர் பக்கம் கார் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். குடமுருட்டி பாலம் தாண்டி கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் என்று காவிரிக் கரையை ஒட்டியே போகும் இருவழிச் சாலை. நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் நேராகக் கண்ணில் விழும். அது கடந்துபோன பிறகும் இரண்டு, மூன்று விநாடிக்கு முன்னால் எதுவும் சரியாகத் தெரியாது. 60 கி.மீ. வேகத்தில் போகும் கார், 3 விநாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். அந்த 50 மீட்டருக்குள் லைட் இல்லாத ஒரு சைக்கிள் இருந்தால்?

இந்தப் பிரச்னைக்கு நம்மூரில் கிடைக்கும் ரெடிமேட் பதில், "நீயும் எல்.இ.டி மாட்டிடு". எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கிறார், அதனால் நாமும் பவர்ஃபுல் லைட் போடுகிறோம். நம்மைப் பார்த்து அடுத்தவர் போடுகிறார். கடைசியில் ரோட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

என் கருத்து இதுதான்: கார் வாங்கும்போதும் பல்பு மாற்றும்போதும் "எவ்வளவு வெளிச்சம்?" என்று மட்டும் கேட்கிறோம். "அந்த வெளிச்சம் எங்கே போய் விழுகிறது?" என்று யாரும் கேட்பதில்லை. வாங்குகிற நாமும் கேட்பதில்லை, சோதிக்க வேண்டிய அரசும் கேட்பதில்லை. ஏன் இந்தக் கேள்விதான் முக்கியம் என்று பார்ப்போம்.

முதலில், என்னென்ன வகை இருக்கிறது?

ஹாலஜன்: நம் சாலைகளில் அதிகம் பார்ப்பது இதுதான். உள்ளே டங்ஸ்டன் இழை, சுற்றிலும் ஹாலஜன் வாயு. எச்4 என்ற வகை பல்புதான் மிகவும் பிரபலம். 1971-ல் வந்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே பல்புக்குள் பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என்று இரண்டு இழைகள். டிம்மில் சுமார் 1,000 லூமென் வெளிச்சம் கிடைக்கும். நிறம் லேசான மஞ்சள். விலை குறைவு, எந்த ஊர் கடையிலும் கிடைக்கும், நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கரன்ட்டின் பெரும் பகுதியைச் சூடாகவே வீணாக்கும்.

செனான்: எச்.ஐ.டி என்றும் சொல்வார்கள். இழை கிடையாது. செனான் வாயு நிரப்பிய சின்னக் குழாய்க்குள் மின்பொறி எரிகிறது. 1991-ல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் காரில் முதலில் வந்தது. 35 வாட்டிலேயே சுமார் 3,200 லூமென் தரும். ஆனால் தனியாக ஒரு பேலஸ்ட் வேண்டும், முழு வெளிச்சத்துக்கு வரச் சில விநாடிகள் ஆகும். வெளிச்சம் இவ்வளவு அதிகம் என்பதாலேயே, 2,000 லூமெனைத் தாண்டும் விளக்குகளுக்கு ஐரோப்பிய விதிகள் இரண்டு நிபந்தனை போட்டன: வண்டியின் சுமைக்கு ஏற்ப லைட் தானாகவே கீழே இறங்க வேண்டும், கண்ணாடியைக் கழுவும் வசதி இருக்க வேண்டும். நம்மூரில் வெளியில் வாங்கி மாட்டும் செனான் கிட்டில் இந்த இரண்டையும் யாரும் மாட்டித் தருவதில்லை.

எல்.இ.டி: 2007-ல் லெக்ஸஸ் காரின் டிம் லைட்டாக அறிமுகமானது. இப்போது பல கார்களின் டாப் வேரியன்ட்டில் இதுதான். குறைந்த கரன்ட், நீண்ட ஆயுள், சுவிட்ச் போட்டவுடன் முழு வெளிச்சம். நிறம் பகல் வெளிச்சம் போல வெள்ளை. ஒரே குறை, கெட்டுப்போனால் பல கார்களில் பல்பு மட்டும் மாற்ற முடியாது. முழு யூனிட்டையும் மாற்றச் சொல்வார்கள். பில் பெரிதாக வரும்.

இதோடு இன்னொரு பிரிவும் உண்டு: ரிஃப்ளெக்டரா, புரொஜெக்டரா? ரிஃப்ளெக்டரில் பல்புக்குப் பின்னால் இருக்கும் கிண்ணம் வெளிச்சத்தைத் திருப்பி ரோட்டுக்கு அனுப்பும். புரொஜெக்டரில் முன்னால் ஒரு லென்ஸும், உள்ளே ஒரு சின்னத் தகடும் இருக்கும். அந்தத் தகடு வெளிச்சத்தின் மேல்பகுதியைக் கத்தரித்துவிடும். சுவரில் அடித்துப் பார்த்தால் ஒரு கோடு தெரியும்: கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. இதை கட்-ஆஃப் என்பார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுவதால், இந்தக் கோடு இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். ஓரமாக நடப்பவர்கள் தெரிய வேண்டும், வலது பக்கம் எதிரே வருபவரின் கண்ணில் படக் கூடாது. இதுதான் கணக்கு.

எல்.இ.டி என்றாலே பெஸ்ட்டா?

இல்லை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் ஐ.ஐ.எச்.எஸ் என்ற அமைப்பு, 2016-ல் 31 நடுத்தர கார்களின் ஹெட்லைட்களை இரவில் ஓட்டிப் பார்த்துச் சோதித்தது. 'நன்று' என்ற மதிப்பெண் வாங்கியது ஒரே ஒரு கார்தான். அதைவிட ஆச்சரியம், ஹோண்டா அக்கார்டில் சாதாரண ஹாலஜன் விளக்கு வாங்கிய மதிப்பெண்ணைவிட, அதே காரின் விலை உயர்ந்த எல்.இ.டி விளக்கு குறைவாக வாங்கியது. ஒரே கார், இரண்டு விளக்கு, காசு அதிகம் கொடுத்தவருக்குக் குறைந்த பார்வை.

2021-ல் அதே அமைப்பு விபத்துக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 'மோசம்' என்று மதிப்பிடப்பட்ட விளக்குள்ள கார்களைவிட, 'நன்று' வாங்கிய விளக்குள்ள கார்கள் இரவில் பாதசாரிகள் மீது மோதுவது 23 சதவீதம் குறைவாக இருந்தது. ஆக, ஹெட்லைட் வெறும் அழகுச் சமாச்சாரம் இல்லை. நல்ல விளக்கு உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் அதை 'எல்.இ.டி' என்ற ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்ய முடியாது.

உண்மையான வில்லன் யார்?

ஹாலஜன் கூட்டுக்குள் சொருகப்படும் எல்.இ.டி பல்பு! கம்பெனியே பொருத்தித் தரும் எல்.இ.டி ஹெட்லைட்டும், நாம் கடையில் வாங்கி மாட்டும் எல்.இ.டி பல்பும் ஒன்றில்லை.

ஹாலஜன் ரிஃப்ளெக்டர் கிண்ணம், இழை எந்த இடத்தில் இருக்கிறது, எந்த வடிவத்தில் எரிகிறது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டது. இழை எல்லா பக்கமும் வெளிச்சம் தரும். எல்.இ.டி பல்பில் ஒரு தட்டையான பட்டையின் இரண்டு பக்கமும் சிப்புகள் ஒட்டியிருக்கும். வெளிச்சம் வரும் இடமும் திசையும் கொஞ்சம் மாறினாலும், கிண்ணம் அதைக் கண்ட இடத்துக்கு அனுப்பிவிடும். கட்-ஆஃப் கோடு கலங்கிப்போகும். உங்கள் காருக்கு 10 மீட்டர் முன்னால் ரோடு பளிச்சென்று தெரியும். அதனால் "சூப்பரா இருக்கே" என்று தோன்றும். ஆனால் தூரத்தில் விழ வேண்டிய வெளிச்சம் குறைந்திருக்கலாம். மேலே சிதறியது எதிரே வருபவரின் கண்ணுக்குப் போயிருக்கும்.

ஜெர்மனியில் இப்படி மாட்டும் எல்.இ.டி பல்புகளுக்கு 2020-ல்தான் முதன்முதலாக அனுமதி கிடைத்தது. அதுவும் குறிப்பிட்ட பல்பு, குறிப்பிட்ட கார் மாடல் என்று சோதித்துப் பட்டியல் போட்ட பிறகே. எந்தப் பல்பையும் எந்தக் காரிலும் மாட்டலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

எல்.இ.டி வேண்டாம், ஹாலஜனிலேயே 100/90 வாட் பல்பு போட்டுக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. 60/55 வாட்டுக்குப் போட்ட வயரிங்கில் இதைப் போட்டால் ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும். ரிலே வைத்து வயரிங்கைச் சரிசெய்தாலும், எதிரே வருபவருக்கான தொல்லை அப்படியேதான் இருக்கும்.

ஒரு டிகிரி கணக்கு

சரி, கம்பெனி கொடுத்த லைட்டை நான் தொடவே இல்லை. அப்போது நான் நல்லவன்தானே? அதுவும் உறுதியில்லை.

டிம் லைட் பொதுவாக 1 சதவீதம் கீழ்நோக்கி இருக்கும். அதாவது 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறங்கும். தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் விளக்கு இருந்தால், 50 மீட்டர் தூரத்தில் கட்-ஆஃப் கோடு தரைக்கு 20 செ.மீ. மேலே இருக்கும். யார் கண்ணிலும் படாது.

இப்போது வீட்டோடு கிளம்பிக் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோம். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய மூட்டை. காரின் பின்பக்கம் 4.5 செ.மீ. இறங்கினாலே மூக்கு சுமார் ஒரு டிகிரி தூக்கிவிடும். அந்த ஒரு டிகிரியில், அதே கோடு 50 மீட்டர் தூரத்தில் 107 செ.மீ.க்கும், 100 மீட்டர் தூரத்தில் 145 செ.மீ.க்கும் ஏறிவிடும். எதிரே வரும் காரை ஓட்டுபவரின் கண் இருப்பது சுமார் 110 முதல் 120 செ.மீ. உயரத்தில். விளக்கே 90 செ.மீ. உயரத்தில் இருக்கும் எஸ்.யூ.வி என்றால் கேட்கவே வேண்டாம்.

இதைச் சரிசெய்யத்தான் பல கார்களில் டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்ன உருளை கொடுத்திருக்கிறார்கள். தனியாக ஓட்டினால் 0. பின்னால் ஆளும் சுமையும் ஏற ஏற எண்ணைக் கூட்ட வேண்டும், லைட் இறங்கும். கார் வாங்கியதிலிருந்து அதைத் தொடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்?

லைட் காட்டும் தூரமும், பிரேக் பிடிக்கும் தூரமும்

ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த ரோடு, நல்ல டயர். 60 கி.மீ. வேகத்தில் கார் நிற்க சுமார் 45 மீட்டர் வேண்டும். 80 கி.மீ. என்றால் 68 மீட்டர். 100 கி.மீ. என்றால் 97 மீட்டர். ரோடு ஈரமாக இருந்தால் 80 கி.மீ. வேகத்திலேயே 95 மீட்டர் வரை போகும்.

டிம் வெளிச்சத்தில், கறுப்புச் சட்டை போட்டு ஓரமாக நடக்கும் ஒருவரை 50 மீட்டருக்கு முன்னால் கண்டுபிடிப்பதே பெரிய விஷயம். அப்படியென்றால் டிம்மில் 80-ல் போகும்போது, அவர் நம் கண்ணில் படும்போதே நேரம் கடந்துவிட்டது. எந்த வகை ஹெட்லைட்டும் இந்தக் கணக்கை முழுசாக மாற்றாது. வேகத்தைக் குறைப்பதுதான் மாற்றும்.

மஞ்சள் லைட் மழையைக் கிழிக்குமா?

இது பழைய நம்பிக்கை. பிரான்ஸ் நாடு 1930-களிலிருந்து 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாகவே வைத்திருந்தது. ஆனால் மழைத்துளியும் பனித்துளியும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் மஞ்சளோ வெள்ளையோ, கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சள் கண்ணுக்குக் கொஞ்சம் இதமாகத் தோன்றலாம், அவ்வளவுதான்.

மழையில் எல்.இ.டி வெளிச்சமே தெரியவில்லை என்று பலரும் சொல்வதற்கு முக்கியக் காரணம் வேறு. ஈரமான தார் ரோடு கண்ணாடி மாதிரி. நம் லைட்டை நம் பக்கம் திருப்பாமல் முன்னோக்கித் தள்ளிவிடும். அதனால் நம் ரோடு இருட்டாகவும், எதிரே வருபவரின் லைட் இரட்டிப்பாகவும் தெரியும். எல்லா வகை லைட்டுக்கும் இதே கதிதான். பனியிலும் கனமழையிலும் பிரைட் போட்டால், முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம்மும், தாழ்வாக இருக்கும் ஃபாக் லைட்டும் போதும்.

ஸ்ரீரங்கத்துக்குள் பிரைட் எதற்கு?

சிந்தாமணியிலிருந்து காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச் சாலையில் இறங்கி, அம்மா மண்டபம் ரோடு வழியாகக் கோயில் வரை வழியெல்லாம் தெரு விளக்கு இருக்கிறது. ஆனாலும் பாலத்தில் பிரைட்டோடு வரும் கார்கள் எத்தனை! உத்திர வீதி, சித்திரை வீதிகளில் நடந்து போகும் பெரியவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வயது ஏற ஏற கண்ணின் லென்ஸ் கலங்கும், உள்ளே வெளிச்சம் சிதறும். கண்புரை ஆரம்பித்திருந்தால் இன்னும் மோசம். இருபது வயதுக்காரர் இரண்டு விநாடியில் சமாளிப்பதை, அறுபது வயதுக்காரரால் அதே வேகத்தில் சமாளிக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 106-வது விதி தெளிவாக இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வலது பக்கமாக அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருந்தால், அது கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அல்லது ஓட்டுபவர் அதைக் கீழே இறக்கும் வசதியாவது இருக்க வேண்டும். எதிரே வண்டி வந்தால் டிம் செய்ய வேண்டும் என்பதும் சாலை விதிதான். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்ததை லைசென்ஸ் வந்த அன்றே மறந்துவிட்டோம்.

நடந்து போகிறவர்களுக்கு ஹெட்லைட் இல்லை

திருச்சிக்கு இது வெறும் டிரைவிங் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. வெயிலுக்குப் பயந்து இரவில் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் நெடுஞ்சாலை ஓரமாகத்தான் நடக்கிறது. 2024 ஜூலை 17 அதிகாலையில், தஞ்சாவூர் - திருச்சி நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே, சமயபுரத்துக்கு நடந்து போன பக்தர்கள் மீது சரக்கு வாகனம் மோதி உயிர்கள் போயின. அந்த விபத்துக்கு ஹெட்லைட்தான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் இருட்டில் நடப்பவர்களை முழுக்க முழுக்க நம்பவைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஓட்டுகிறவர் தங்களைப் பார்த்துவிடுவார். எதிர் வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசிப்போன ஓட்டுநரால் அவர்களைப் பார்க்க முடியாது. கூசவைத்த வண்டி அதற்குள் ஒரு கிலோமீட்டர் தாண்டிப் போயிருக்கும், எந்த எஃப்.ஐ.ஆரிலும் அதன் நம்பர் இருக்காது.

யார் சோதிக்கிறார்கள்?

லாரி, பஸ், டாக்ஸிக்கு எஃப்.சி உண்டு. 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை. சொந்தக் காருக்கு? பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடம் வரை எஃப்.சி கிடையாது. அந்த 15 வருடத்தில் எத்தனை பல்பு மாற்றினோம், பம்பர் இடித்து லைட் எவ்வளவு தூக்கிக்கொண்டது, வெயிலில் கண்ணாடி எவ்வளவு மஞ்சளானது என்று யாரும் பார்ப்பதில்லை. பிரிட்டனில் மூன்று வருடம் தாண்டிய கார்களுக்கு வருடாவருடம் நடக்கும் எம்.ஓ.டி சோதனையில் ஹெட்லைட்டின் கோணத்தையும் பார்க்கிறார்கள். கோணம் தப்பென்றால் ஃபெயில்தான்.

எப்போதாவது போலீஸ் நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது தீர்வாகாது. ஸ்டிக்கர் வெளிச்சத்தைக் குறைக்கும், கோணத்தை மாற்றாது. ஒழுங்காக கட்-ஆஃப் இருக்கும் விளக்கில் ஒட்டினால், ஓட்டுகிறவரின் பார்வைதான் கெடும்.

இதற்குப் புதுசாக ஆபீஸ் திறக்க வேண்டியதில்லை. புகைச் சோதனைக்காக சொந்தக் கார்கள் ஏற்கெனவே பி.யு.சி சென்டருக்குப் போகின்றன. அங்கேயே ஹெட்லைட் கோணத்தைச் சோதிக்கும் கருவி ஒன்றை வைத்து, புகையோடு சேர்த்து அதையும் பார்த்தால் என்ன? சரியில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரால் சில நிமிடத்தில் திருத்திவிடலாம். காற்றைக் கெடுக்கும் வண்டியைத் தடுக்க ஒரு சான்றிதழ் இருக்கும்போது, கண்ணைக் கெடுக்கும் வண்டிக்கும் ஒன்று இருப்பது நியாயம்தான்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்?

* கார் வாங்கும்போது ஷோரூம் வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். இருட்டிய பிறகு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். கட்-ஆஃப் கோடு தெளிவாக இருக்கிறதா, இடது ஓரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

* பட்ஜெட் ஹாலஜனுக்குத்தான் என்றால் கவலை வேண்டாம். சரியாக அட்ஜஸ்ட் செய்த ஹாலஜன், தப்பான கூட்டில் மாட்டிய எல்.இ.டி-யைவிட மேல்.

* ஹாலஜன் பல்பு பழசானால் மங்கும். அதே வாட்டில், நல்ல பிராண்டில், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

* மஞ்சளான கண்ணாடியை பாலிஷ் போடுங்கள். புது பல்பைவிட அது அதிகப் பலன் தரலாம்.

* சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி காரை நிறுத்தி டிம் போடுங்கள். கட்-ஆஃப் கோடு விளக்கின் நடுப்பகுதியைவிட சுமார் 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். துல்லியமான அளவு பல கார்களில் ஹெட்லைட் அருகிலேயே 1%, 1.2% என்று குறிக்கப்பட்டிருக்கும்.

* அதற்கும் நேரமில்லையா? தலைமைத் தபால் நிலையம் சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கும் காரைப் பாருங்கள். உங்கள் டிம் வெளிச்சம் அதன் பம்பரில் விழுந்தால் ஓகே. உள்ளே இருப்பவரின் ஹெட்ரெஸ்ட்டும் கண்ணாடியும் பளிச்சென்று தெரிந்தால், உங்கள் லைட் மேலே இருக்கிறது.

* எதிரே ஒருவர் பிரைட்டில் வந்தால் பதிலுக்கு பிரைட் போட்டுப் பழிவாங்காதீர்கள். இரண்டு பேருக்கும் கண் தெரியாமல் போவதில் யாருக்கு லாபம்? வேகத்தைக் குறைத்து, பார்வையை இடது ஓரக் கோட்டுக்கு மாற்றுங்கள்.

அடுத்த முறை கடைக்காரர் "டபுள் வெளிச்சம் சார், ஃபிட்டிங் ஃப்ரீ" என்று சொன்னால், "சுவரில் அடித்துக் காட்டுங்க, கட்-ஆஃப் எங்கே நிக்குதுன்னு பார்க்கணும்" என்று கேளுங்கள். காட்ட முடியவில்லை என்றால், வாங்க வேண்டாம்.